கயிறும் பாட்டும் அரசியலே!

விரற்கடை அகலம்கூட இல்லாத ஒரு கயிறு. அதற்கு வாய் இல்லை, ஆனால் பேசுகிறது. பள்ளிக்கூடம் செல்லும் சிறுவனின் மணிக்கட்டில் இருந்துகொண்டு, "நான் இன்னான், என் சாதி இன்னது, எட்டி நில்!" என்று பேசுகிறது. சாதிக்கு ஒரு நிறம். நிறத்துக்கு ஒரு திமிர்!

2023ஆம் ஆண்டு ஆகஸ்ட் திங்களில், நெல்லைச் சீமையின் நாங்குநேரியில், தாழ்த்தப்பட்ட குடும்பத்தைச் சேர்ந்த மாணவன் ஒருவனை, அவனுடன் படித்த மாணவர்களே இரவில் வீடு புகுந்து வெட்டினர். தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டாள். வெட்டியவர் கையிலே ஏந்த வேண்டியது எழுதுகோல், ஏந்தியிருந்ததோ அரிவாள்! நாடு தலைகுனிந்தது. அரசு, நீதியரசர் சந்துரு அவர்களை ஒருநபர் குழுவாக அமைத்தது. 2024ஆம் ஆண்டு சூன் திங்களில் அவர் அளித்த அறிக்கை, வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றிக்குறி என்று சாதியைக் காட்டும் அடையாளங்களைப் பள்ளியிலே தடை செய்க என்று பரிந்துரைத்தது.

நல்ல பரிந்துரை, வரவேற்போம். ஆனால், தோழர்களே, ஒரு கேள்வி. பள்ளி வாயிலில் ஆசிரியர் கத்தரிக்கோலால் அறுக்கும் கயிற்றை, மாலையில் அந்தப் பையனின் கையில் மீண்டும் கட்டுவது யார்?

எந்தக் கட்சியின் தேர்தல் அறிக்கையும் அவனுக்கு அதைக் கட்டவில்லை. அவன் எந்தத் தேர்தல் அறிக்கையையும் படித்தவன் அல்லன். கட்டியது, திருவிழா ஒலிபெருக்கியில் முழங்கிய குலப்பெருமைப் பாட்டு. கட்டியது, அரிவாளைத் தோளில் சாய்த்து நடந்த திரைக்கதாநாயகனின் நடை. கட்டியது, தெருமுனைப் பதாகையில் சிங்கத்தோடு நிற்கும் உறவினரின் படம். கட்டியது, கைபேசியில் அரை நிமிடம் ஓடி மறையும் காட்சி. பாட்டாக, படமாக, நடையாக, உடையாக அது அவனுள்ளே புகுந்தது. அவன் அதை அரசியல் என்றே அறியான். "எங்க ஊர் வழக்கம்" என்பான்.

நம்மில் சிலரும் அதை அரசியல் என்று அறியவில்லை. அதுதான் இந்த ஞாயிற்றுக்கிழமையில் நான் பேச வந்த வழக்கு.

"பாட்டாம், கயிறாம், படமாம்! மாநில உரிமை பறிபோகிறது; நிதிப் பங்கு குறைகிறது; வேலையில்லாத் திண்டாட்டம் வாட்டுகிறது. இந்த நேரத்தில் பண்பாட்டு ஆராய்ச்சி எதற்கு?" என்று கேட்கும் தோழர்கள் உண்டு. அவர்தம் கவலை நியாயமானது, கணக்குத்தான் தவறானது. உரிமை கேட்கும் மனிதன் வானத்திலிருந்து குதிப்பதில்லை. அவன் தேநீர்க் கடையில், திரையரங்கில், சமையற்கட்டில், திருவிழாத் திடலில் உருவாகிறான். அங்கே அவனைச் சாதிக்காரனாக உருவாக்கி முடித்தபின், தேர்தல் மேடையில் வந்து "தமிழனே!" என்று அழைத்தால், அவன் திரும்பிப் பார்ப்பானா?

உயர்ந்தோரும் துக்கடாவும்

பண்பாடு என்ற சொல்லைக் கேட்டதும் நம் கண்முன் என்ன வருகிறது? கற்கோயில், காவியம், பரதம், வீணை. ஆம், அவையும் பண்பாடே. ஆனால் அவை மட்டுமே பண்பாடு என்று யார் சொன்னது?

இங்கிலாந்திலே மாத்யூ அர்னால்டு என்னும் அறிஞர், 1869இல் வெளியிட்ட நூலில், மனிதகுலம் இதுவரை சிந்தித்தவற்றுள் தலைசிறந்ததே பண்பாடு என்னும் கருத்தை நாட்டினார். 1930இல் எஃப். ஆர். லீவிஸ் என்னும் திறனாய்வாளர், பண்பாடு எப்போதும் ஒரு சிறுபான்மையோர் காத்துவரும் செல்வம் என்றார். தலைசிறந்ததைப் போற்றுவதில் தவறில்லை. ஆனால் தலைசிறந்தது எதுவென்று தீர்ப்பளிக்கும் நாற்காலியில் அமர்ந்திருந்தவர் யார்? ஆலைத் தொழிலாளியா? சுரங்கத்தில் கரி சுமந்தவனா? இல்லை. அவனுடைய பாட்டும் பேச்சும் சிரிப்பும் அந்த நீதிமன்றத்தில் சாட்சியாகக்கூட ஏற்கப்படவில்லை.

இந்த வழக்கு நமக்குப் புதிதா? தமிழ்நாட்டுச் சபைகளிலே தமிழ்ப் பாட்டு என்னவாக இருந்தது? கச்சேரியின் கடைசியில், அவையினர் துண்டை உதறிக்கொண்டு எழுந்திருக்கும் வேளையில் பாடப்படும் துக்கடாவாக இருந்தது. தமிழனின் மேடையில், தமிழனின் காசில், தமிழுக்குக் கிடைத்த இடம் கடைசி இடம்! அதனால்தான் 1940களில் தமிழிசை இயக்கம் எழுந்தது. மக்கள் நாடகத்தை ஏந்தி நம் இயக்கம் புறப்பட்டபோதோ, மேல்தட்டினர் வீசிய சொல் "கூத்தாடிகள்" என்பது. கூத்து ஆடுவது இழிவு என்று கருதியவர்கள், கூத்தைப் பார்த்துக்கொண்டிருந்த கோடிக்கணக்கான மக்களையும் சேர்த்தே இகழ்ந்தார்கள். அந்த இகழ்ச்சிக்கு மக்கள் அளித்த மறுமொழியை 1967ஆம் ஆண்டின் வாக்குப் பெட்டிகள் அறியும்.

இரவுப் பள்ளியில் பிறந்த துறை

இங்கே இந்த இகழ்ச்சியை நாம் மேடையிலே எதிர்த்துக்கொண்டிருந்த அதே காலத்தில், அங்கே இங்கிலாந்திலே மூன்று ஆசிரியர்கள் அதை ஏட்டிலே எதிர்த்துக்கொண்டிருந்தனர். இன்று உலகப் பல்கலைக்கழகங்களில் பண்பாட்டு ஆய்வியல் என்று வழங்கும் துறைக்கு வித்திட்டவர்கள் இவர்கள்தாம். அவர்கள் அதை எங்கே தொடங்கினார்கள் என்பதைத் தோழர்கள் நெஞ்சில் பதித்துக்கொள்ள வேண்டும். பளிங்கு மண்டபத்தில் அன்று. முதியோர் கல்வி வகுப்பில்! பகலில் உழைத்துவிட்டு, மாலையில் பாடம் கேட்க வந்த தொழிலாளரும் எழுத்தரும் இல்லத்தரசியரும் அமர்ந்திருந்த வகுப்பில்!

ஒருவர் ரேமண்ட் வில்லியம்ஸ். வேல்ஸ் நாட்டு எல்லைச் சிற்றூர் ஒன்றில், ரயில் நிலையத்தில் கைகாட்டி இயக்கிய தொழிலாளியின் மகன். 1926இல் பிரிட்டன் முழுதும் பொது வேலைநிறுத்தம் நடந்தபோது, அந்தத் தந்தையும் வேலையை நிறுத்தியவர். கேம்பிரிட்ஜில் படிக்கச் சென்ற மகன், அங்கே தேநீர் விடுதியிலே கோப்பையைப் பிடிக்கும் முறையில் பண்பாட்டைக் காட்டிக்கொண்ட கனவான்களைக் கண்டார். அவர்களுக்கு எதிராக 1958இல் அவர் எழுதிய கட்டுரையின் சாரம் ஒன்றே: பண்பாடு அன்றாடமானது, அது எல்லாருடையது. ஒரு சமுதாயம் வாழும் முழு வாழ்க்கை முறையே அதன் பண்பாடு. "கும்பல்" என்று ஒரு மக்கள் கூட்டம் எங்கும் இல்லை; பிறரைக் கும்பலாகப் பார்க்கும் கண்தான் உண்டு என்று அவர் வாதாடினார். நம்மை யாராவது கும்பல் என்று அழைத்தால் நமக்குச் சினம் வருகிறதல்லவா? கும்பல் என்பது எப்போதும் அடுத்தவன்தானே!

மற்றொருவர் ரிச்சர்டு ஹாகார்ட். லீட்ஸ் நகரத்துத் தொழிலாளர் குடியிருப்பில், பெற்றோரை இழந்து, பாட்டியின் அரவணைப்பில் வளர்ந்தவர். 1957இல் வந்த அவரது நூல், தொழிலாளர் வீட்டின் அடுப்படியை, அண்டை வீட்டாரின் பேச்சை, மன்றங்களில் கூடிப் பாடும் பாட்டை, மலிவு விலை வார ஏடுகளை, இலக்கியத்தை ஆராயும் அதே பொறுப்போடு ஆராய்ந்தது. மூன்றாமவர் ஈ. பி. தாம்சன். கையால் நெய்து, எந்திரத்தால் வீழ்த்தப்பட்ட நெசவாளரையும், வரலாறு மறந்துபோன கைவினைஞரையும் மீட்டெடுத்து, ஆங்கிலேயத் தொழிலாளி வர்க்கம் உருவான வரலாற்றை 1963இல் எழுதியவர்.

1964இல், பென்குவின் பதிப்பகம் தந்த பொருளுதவியோடு, பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ஹாகார்ட் ஒரு சிறு ஆய்வு மையத்தைத் தொடங்கினார். அவரையடுத்து 1979 வரை அதை வழிநடத்தியவர் ஸ்டூவர்ட் ஹால். ஜமைக்காத் தீவில் பிறந்து, 1951இல் ஆக்ஸ்போர்டுக்குப் படிக்க வந்த கறுப்பினத்தவர். ஆண்டவனின் நாட்டிலே ஆளப்பட்டவன் நின்று, "உங்கள் பண்பாடு என்பது என்ன? அது யாரால், யாருக்காக?" என்று கேட்ட காட்சி அது.

தலையாட்ட வைத்து ஆள்வது

அந்த மையத்தார் கேட்ட கேள்விகளுக்கு அடித்தளம் இட்டவர் ஒரு சிறைக்கைதி. இத்தாலி நாட்டுப் பொதுவுடைமைத் தலைவர் அந்தோனியோ கிராம்சி. முசோலினியின் ஆட்சி 1926இல் அவரைப் பிடித்தது. 1937இல், 46 வயதில், அவர் உயிர் பிரிந்தது. இடையில் அவர் நிரப்பிய குறிப்பேடுகள் முப்பதுக்கு மேல். நோயுற்ற உடலோடு சிறையில் கிடந்த அந்தத் தலைவர், புரட்சித் திட்டங்களை மட்டுமா எழுதினார்? செய்தித்தாள்களில் வரும் தொடர்கதைகளைப் பற்றியும் எழுதினார்! இத்தாலி மக்கள் ஏன் பிரெஞ்சுத் தொடர்கதைகளை விரும்பிப் படிக்கிறார்கள்? நம் எழுத்தாளர்கள் ஏன் அவர்களைத் தொடவில்லை? நம் அறிவாளிகளுக்கும் நம் மக்களுக்கும் இடையே ஏன் இத்தனை பெரிய அகழி? இவை அவருடைய கேள்விகள்.

ஏன் கேட்டார்? ஆதிக்கம் இரண்டு வகை என்பதை அவர் உணர்ந்திருந்தார். தடியால் ஆள்வது ஒன்று. தலையாட்ட வைத்து ஆள்வது மற்றொன்று. தடிக்குக் காவலர் வேண்டும், செலவு அதிகம். தலையாட்டலுக்குக் காவலர் வேண்டா, ஆளப்படுபவனே காவலனாகிவிடுகிறான். "உலகம் அப்படித்தான்", "பெரியவங்க சும்மாவா சொன்னாங்க", "அவனவன் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கணும்" என்று நாள்தோறும் நம் வாயிலிருந்து வரும் சொற்களில் ஆதிக்கம் ஒளிந்திருக்கிறது. அந்தப் பொதுப்புத்தியை மாற்றாமல் ஆட்சியைப் பிடித்தவன், மாளிகையின் கூரையைப் பிடித்திருக்கிறான். அடித்தளம் பகைவனிடம் இருக்கிறது.

இதைத் தமிழ் மண்ணில் பெரியாருக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? கிராம்சியின் ஏடுகள் சிறையை விட்டு வருவதற்கு முன்பே, 1928இல், புரோகிதர் இல்லாத சுயமரியாதைத் திருமணத்தை அவர் நடத்தி வைத்தார். 1967இல் அண்ணா ஆட்சிக்கு வந்ததும் அதற்குச் சட்டத்தின் ஏற்பு தேடித் தந்தார். 1957இல் சென்னை உணவு விடுதியின் பெயர்ப்பலகையில் இருந்த "பிராமணாள்" என்ற சொல்லை அழிக்கப் பெரியார் போராட்டம் நடத்தினார். "ஒரு பலகைக்கா போராட்டம்?" என்று அன்றும் சிரித்தார்கள். பலகைக்கு அன்று, அந்தப் பலகையை நாள்தோறும் பார்த்துப் பார்த்துப் பழகிப்போன கண்ணுக்கு! காப்பி குடிக்கும் இடத்தில் சாதி எப்படி அமர்ந்திருந்தது என்பதை அறிய விரும்பும் தோழர்கள், ஆ. இரா. வேங்கடாசலபதியின் "அந்தக் காலத்தில் காப்பி இல்லை" என்னும் நூலைப் படிக்கலாம். உப்பிலும் உணவிலும் உடையிலும் ஒரு சமுதாயத்தின் வரலாறு உறைந்திருப்பதை அறிய விரும்புவோர், 2020இல் மறைந்த தொ. பரமசிவனின் "அறியப்படாத தமிழகம்" நூலைப் படிக்கலாம். நாட்டுப்புறப் பாடலை ஆய்வுப் பொருளாக்கி அரியணை ஏற்றிய நா. வானமாமலையைப் படிக்கலாம்.

ஒரு செய்தி, மூன்று செவிகள்

"சரி, மக்கள் எல்லாம் ஏமாளிகள், படமும் பாட்டும் அவர்களை மயக்குகின்றன, ஆகவே தடுப்போம்" என்று சிலர் முடிவுக்கு வந்துவிடுவர். அது முதல் இகழ்ச்சியின் மறுபதிப்பு! மக்கள் களிமண் அல்லர்.

1973இல் ஸ்டூவர்ட் ஹால் எழுதிய ஒரு கட்டுரை இதைத் தெளிவாக்கிற்று. அவர் கருத்தை நம்மூர்க் காட்சியில் வைத்துப் பார்ப்போம். தேநீர்க் கடையில் தொலைக்காட்சி ஓடுகிறது. "பேருந்துத் தொழிலாளர் வேலைநிறுத்தம், பொதுமக்கள் கடும் அவதி" என்று செய்தி வருகிறது. ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர், "ஆமாம், இவர்களுக்குத் திமிர்" என்கிறார். செய்தி எப்படிக் கட்டப்பட்டதோ அப்படியே அவர் ஏற்றார். கடைக்காரர், "கேட்கிறது நியாயந்தான்; ஆனா பரீட்சை நேரத்தில் செய்யலாமா?" என்கிறார். பாதி ஏற்றார், பாதி பேரம் பேசினார். மூலையில் அமர்ந்திருந்த துப்புரவுத் தொழிலாளி கேட்கிறார்: "பஸ் ஓட்டுறவன் பொதுமக்கள் இல்லையா?"

அடடா! அந்த ஒரு கேள்வியில் செய்தியின் மொத்தச் சூழ்ச்சியும் உடைந்து விழுந்தது. தொழிலாளியை ஒரு பக்கமும் பொதுமக்களை மறுபக்கமும் நிறுத்திய கத்தி எது என்று அவர் கண்டுவிட்டார். எந்தப் பல்கலைக்கழகமும் அவருக்கு அதைக் கற்பிக்கவில்லை. அவருடைய வாழ்க்கை கற்பித்தது. ஏற்பவன், பேரம் பேசுபவன், எதிர்ப்பவன் என்று ஒரே செய்திக்கு மூன்று செவிகள் உண்டு. நம் வேலை தொலைக்காட்சியை உடைப்பது அன்று. மூலையில் இருக்கும் அந்தக் குரலை நடுமேசைக்குக் கொண்டுவருவது.

மாலைநேரத் தொடர்களைக் காணும் பெண்களைக் கேலி செய்யாத ஆண் உண்டா? பர்மிங்காம் மையத்தைச் சேர்ந்த டொரத்தி ஹாப்சன் கேலி செய்யவில்லை. "கிராஸ்ரோட்ஸ்" என்னும் தொடரைப் பார்த்த பெண்களின் வீட்டுக்கே சென்று, பிள்ளைகளுக்கு உணவு சமைத்துக்கொண்டே அவர்கள் அதைப் பார்ப்பதை உடனிருந்து கண்டு, 1982இல் நூலாக்கினார். அந்தப் பெண்கள் வாய்பிளந்து அமர்ந்திருக்கவில்லை. தம் வாழ்வின் துயரை அந்தக் கதையின் துயரோடு ஒட்டியும் வெட்டியும் பேசினர். நடந்தது சரியா என்று வழக்காடினர். நம் வீட்டுப் பெண்கள், கொடுமைக்கார மாமியாரைத் திரையிலே கண்டு பேசும்போது என்ன பேசுகிறார்கள் என்று நாம் என்றேனும் செவிகொடுத்தோமா? அங்கே பெண்ணுரிமை மாநாட்டுக்கு வேண்டிய பேச்சு இருக்கிறது. அதைக் குறித்துக்கொள்ளத்தான் ஆளில்லை.

சிரித்துக்கொண்டே சிறை புகுந்தவர்கள்

ஆனால் எதிர்ப்பு என்று பெயர் சூட்டிவிட்டால் எல்லாம் விடுதலை ஆகிவிடாது. இதைச் சொன்னதும் அந்த மையமே. பால் வில்லிஸ் என்பவர், ஆங்கிலேயத் தொழில் நகர் ஒன்றில் பள்ளியிறுதி வகுப்பிலிருந்த 12 தொழிலாளர் வீட்டுப் பையன்களைப் பின்தொடர்ந்து, 1977இல் ஒரு நூல் எழுதினார். அந்தப் பையன்கள் ஆசிரியரைக் கேலி செய்தனர். பாடம் கேட்கும் மாணவரை ஆண்மையற்றவர் என்று நகைத்தனர். உடலுழைப்பே வீரம் என்றனர். பள்ளி தங்களுக்காகக் கட்டப்பட்டது அன்று என்பதை அவர்கள் மூக்கால் முகர்ந்துவிட்டார்கள். அது உண்மைதான். முடிவு? பள்ளியை உதறிவிட்டு, சிரித்துக்கொண்டே, தந்தையர் நின்ற அதே எந்திரத்தின் முன் போய் நின்றனர். யாரும் பிடித்துத் தள்ளவில்லை. தாங்களே நடந்தனர். அவர்களுடைய கிளர்ச்சியே அவர்களுக்குச் சிறையாயிற்று. பெண்ணையும் மாற்று நிறத்தாரையும் இகழும் வழக்கமும் அந்த வீரத்தோடு சேர்ந்தே இருந்தது.

இப்போது திரும்பி வாருங்கள், அந்தக் கயிற்றுக்கு.

அந்தப் பையனுக்குக் கயிறு என்ன தருகிறது? வேலையில்லை, நிலமில்லை, படிப்பு வருமோ வராதோ தெரியவில்லை, பெரிய நகரத்தில் அவனை மதிப்பார் எவருமில்லை. கயிறு சொல்கிறது: "கவலைப்படாதே, நீ ஆண்ட பரம்பரை!" பசித்தவனுக்குச் சோறு தர இயலாதவர்கள் அவனுக்குப் பரம்பரையைத் தருகிறார்கள். சோற்றுக்குச் செலவாகும், பரம்பரைக்கு ஒரு பாட்டு போதும்! அவனுடைய மதிப்பு வேட்கை உண்மையானது; அதற்குக் கிடைத்த தீனி நஞ்சு. அவனுக்குக் கீழே ஒருவன் இருக்கிறான் என்னும் நினைப்பில் அவன் தனக்கு மேலே இருப்பவனை மறக்கிறான். கையில் அரிவாள் ஏறுகிறது, படிப்பு போகிறது, வாழ்வு போகிறது. கயிற்றைக் கட்டிவிட்ட பெரிய மனிதர் மட்டும் தம் பிள்ளையைத் தொலைதூர விடுதிப் பள்ளியில் படிக்கவைத்துக்கொண்டிருப்பார்!

கயிற்றை அறுப்பது அரசின் வேலை. அந்த மதிப்பு வேட்கைக்கு வேறு உணவு தருவது இயக்கத்தின் வேலை. சாவு வீட்டில் சாதிக் கட்டளையால் அடிக்க வைக்கப்பட்ட பறை, இன்று விடுதலையின் ஒலியாக மேடையேறியிருக்கிறது. வடசென்னைக் குப்பத்துக் கானா, சாதியைக் கேள்வி கேட்கிறது. சபாக்களின் மார்கழியிலே, 2020ஆம் ஆண்டு முதல், "மார்கழியில் மக்களிசை" என்று ஒரு மேடை எழுந்தது. அன்று தமிழிசை கேட்ட கேள்வியை இன்று மக்களிசை கேட்கிறது. பண்பாடு மாறும், மாற்ற முனைவோர் இருந்தால் மாறும்.

தாட்சர் தந்த பாடம்

முனையாவிட்டால் என்ன ஆகும்? 1979ஆம் ஆண்டு சனவரியில் ஸ்டூவர்ட் ஹால் தம் தோழர்களை எச்சரித்து ஒரு கட்டுரை எழுதினார். மார்கரெட் தாட்சர் என்னும் பெண்மணியை வெறும் பணக்காரர் கையாள் என்று எண்ணி ஏமாறாதீர்கள். அவர் மக்களின் அன்றாட அச்சங்களையும் ஆசைகளையும் எடுத்து, குடும்பம், ஒழுங்கு, தேசம், சொந்த முயற்சி என்னும் சொற்களில் கோத்து, சந்தை முதலாளித்துவத்தோடு முடிச்சுப் போடுகிறார் என்றார். இடதுசாரித் தோழர் பலர், விலைவாசியும் வேலையின்மையும் தொழிலாளியைத் தாமாகவே தம்மிடம் கொண்டுவந்து சேர்க்கும் என்று நம்பிக்கொண்டிருந்தனர். அந்த மே திங்களில் தாட்சர் வென்றார். 1983இலும் வென்றார்; 1987இலும் வென்றார். தொழிலாளர் வாக்கிலும் ஒரு பெரும் பங்கு அவருக்குப் போயிற்று. மக்களின் நெஞ்சிலே இடம் காலியாகக் கிடக்காது. நாம் அமராத நாற்காலியில் பகைவன் அமர்வான்.

இன்று மதவெறிச் சக்திகள் எங்கே வேலை செய்கின்றன என்று பாருங்கள். நூலகத்திலா? இல்லை. திருவிழாவில், திருமண வீட்டில், குடும்பத்தார் கூடும் கைபேசிக் குழுவில், விடிகாலை வணக்கம் சொல்லும் பூப்படத்தில்! தத்துவம் பேசி வருவதில்லை. வணக்கம் சொல்லி வருகிறது.

நம் வீட்டுக் கணக்கு

பிறரைக் குறை சொன்னோம். நம் வீட்டுக் கணக்கையும் பார்ப்போம். நாடகமேடையின் வலிமையை ஆள்வோர் அறிந்திருந்தனர். அதனால்தான் 1876இல் வெள்ளை அரசும், 1954இல் சென்னை அரசும் நாடகங்களைக் கட்டுப்படுத்தச் சட்டம் செய்தன. நம் முன்னோர் அஞ்சவில்லை. 1952இல் "பராசக்தி" வந்தபோது, அதன் உரையாடல் சிறு நூலாக விற்றது. எழுதப் படிக்கத் தெரியாதவன்கூட அதை நெட்டுருப் போட்டுத் தெருமுனையில் முழங்கினான். திரையரங்கு என்பது, சாதி வேறுபாடின்றித் தமிழர் அனைவரும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்த முதல் இடம் என்று ஈழத்துப் பேராசிரியர் கா. சிவத்தம்பி சுட்டினார். முடிதிருத்தகமும் தேநீர்க் கடையும் மிதிவண்டிக் கடையும் நம் பல்கலைக்கழகங்களாக இருந்தன. ஒருவர் படிக்கப் பத்துப் பேர் கேட்டனர், கேட்டவர் வாதாடினர்.

ஆனால் பிம்பத்தைப் படைத்த இயக்கம் பிம்பத்திடமே தோற்ற கதையும் நம்முடையதே. எம்.ஜி.ஆர். நம் மேடையில் இருந்தார்; 1972இல் பிரிந்தார்; 1977இல் ஆட்சிக்கு வந்தார். அவரது திரைப் பிம்பத்தின் மீது ஏழைகள் கொண்ட அன்பு, அவர் ஆட்சியின் பொருளாதாரப் பயனோடு பொருந்தாததேன் என்னும் கேள்வியை எம். எஸ். எஸ். பாண்டியன் 1992இல் ஒரு நூலாகவே எழுப்பினார். அந்த நூலை மாற்றாரைத் தாக்கும் கல்லாக மட்டும் பயன்படுத்துவோர், அதைப் பாதிதான் படித்தவர்கள். அந்தப் பிம்பத்தைச் செதுக்கிய உளிகளில் நம் உளியும் ஒன்று! படத்தைப் பார்த்துக் கைதட்டக் கற்பித்தோம். படத்தைப் பார்த்துக் கேள்வி கேட்கக் கற்பித்தோமா? வானுயர்ந்த பதாகையும் பாலாபிடேகமும் பகுத்தறிவின் பிள்ளைகளா?

மறுகோடியில் நிற்போரும் உண்டு. "மக்கள் விரும்புவது எல்லாம் நல்லதே" என்று ஆடுவோர் ஒரு சாரார். விரும்புவதை விற்பவன் யார், இலாபம் யாருக்கு என்று அவர்கள் கேட்பதில்லை. டிக்டாக் என்னும் செயலியில் கட்டடத் தொழிலாளியும் வயதான பாட்டியும் ஆடிப் பாடியபோது, நகரத்து மேல்தட்டினர் அருவருத்தனர். அந்த அருவருப்பு சாதி, வர்க்க இறுமாப்பு. 2020 சூன் திங்களில் அது தடை செய்யப்பட்டது. அதே ஆட்டம் வேறு செயலிகளுக்குப் போயிற்று. ஆடியவர் உழைப்பைக் காசாக்கியது மட்டும் அன்றும் இன்றும் பெருநிறுவனமே. இறுமாப்பையும் எதிர்க்க வேண்டும். சுரண்டலையும் காண வேண்டும். ஒன்றைக் கண்டு மற்றதை விடுவது ஒற்றைக்கண் பார்வை.

மற்றொரு சாரார், இந்த இயலையே யாருக்கும் விளங்காத சொற்குவியலாக்கிக் கருத்தரங்க அறையில் பூட்டியவர்கள். இரவுப் பள்ளியில் பிறந்த குழந்தையைத் தொழிலாளிக்கே அடையாளம் தெரியாதபடி வேடமிட்டு விட்டனர். பர்மிங்காம் பல்கலைக்கழகமோ, 2002இல் அந்தத் துறையையே மூடிவிட்டது. ஹாலும் ஹாகார்ட்டும் 2014இல் மறைந்தனர். நம் பாண்டியனும் அதே ஆண்டில் மறைந்தார். மையம் மூடப்பட்டது, கேள்வி மூடப்படவில்லை.

அந்தக் கேள்வியை நாம் கையில் எடுப்போம். ஊர்தோறும் நம் படிப்பகங்கள் இருக்கின்றன. சில திறந்திருக்கின்றன, பல பூட்டியிருக்கின்றன, சிலவற்றில் கொடிக்கம்பம் மட்டும் நிற்கிறது. ஞாயிறு மாலைதோறும் பூட்டைத் திறவுங்கள். ஊர்ப் பிள்ளைகள் அந்த வாரம் பார்த்த ஒரு படம், கேட்ட ஒரு பாட்டு, கைபேசியில் பரவிய ஒரு காட்சி, ஏதேனும் ஒன்றை நடுவில் வையுங்கள். மூன்றே கேள்வி கேளுங்கள். இதைச் செய்தவன் யார், காசு யாருக்கு? இது எதை இயல்பானது என்று நம்மை நம்பச் செய்கிறது? இதில் நம் வாழ்வின் எந்த ஏக்கம் பேசுகிறது, அந்த ஏக்கத்துக்கு நாம் தரும் விடை என்ன?

சொற்பொழிவு ஆற்றாதீர்கள். முதலில் கேளுங்கள். மூலையில் இருக்கும் பையன் பேசட்டும், கையில் கயிறு கட்டியவனும் வரட்டும், அவனை விரட்டாதீர்கள். அவன் பாட்டை அவனே பாடட்டும். அந்தப் பாட்டில் வரும் அரிவாள் யாரை வெட்டுகிறது என்று அவனையே சொல்லச் சொல்லுங்கள். ஒரு மாலையில் கயிறு அவிழாது. பத்து மாலைகளில் ஒரு முடிச்சேனும் தளரும். ஆசிரியரின் கத்தரிக்கோல் அறுத்த கயிறு மீண்டும் கட்டப்படும்; அவனே அவிழ்த்த கயிற்றைக் கட்ட எவனாலும் ஆகாது!

"கூத்தாடிகள்" என்று நம்மை அழைத்தார்களே, அந்தப் பெயரைப் பெருமையோடு ஏற்போம். மக்கள் கூடும் இடமே நம் கூத்துமேடை. அந்த மேடையை விட்டு இறங்கி எத்தனை காலம் ஆயிற்று என்று நெஞ்சைத் தொட்டுப் பாருங்கள், தோழர்களே! அடுத்த ஞாயிறு, பூட்டின் திறவுகோல் யாரிடம் என்று கேட்டுக்கொண்டு புறப்படுங்கள்!